கட்டாரியும் எழுத்தும்

1755ஆம் ஆண்டு மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலீ, பிரெஞ்சுக்காரர் துணையுடன் இங்கு ஆயுதசாலை ஒன்றை நிறுவினார். ஆங்கிலேயர் 1783இல் கோட்டையைப் பிடித்தனர்; மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கைப்படி திருப்பியளித்தனர்; 1790இல் மீண்டும் கைப்பற்றினர். 1792இல் அது முற்றாக அவர்கள் வசமாயிற்று. இத்தகைய ஊரில் பழங்கத்தி எதனையும் 'ஹைதர் காலத்தது' என்று சொல்லிவிடுவது எளிது. ஆராய்ந்து சொல்வதே அரிது.

முதலில் வடிவத்தைக் காண்போம். இரு குறுக்குக் கம்பிகளைக் கைமுட்டிக்குள் அடக்கிப் பிடித்துக் குத்துவது கட்டாரி. தேளின் பெயரால் வழங்குவது பிச்சுவா. இரும்பு வளையச் சட்டையைத் துளைப்பதற்கென முதுகு தடித்து, முனை கூர்ந்து வருவது பாரசீகப் பெயர் கொண்ட பேஷ்கப்ஸ்.

அடுத்து எழுத்து. அஸ்ஸஃப்பு அத்தியாயத்தின் 13ஆம் வசனம் பல நாட்டு முஸ்லிம் படைக்கலங்களில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகவே அது ஒன்றே மைசூருக்குச் சான்றாகாது. ஹைதர் தம் பெயரின் முதலெழுத்தாகிய 'ஹே'யை நாணயத்திலே பொறித்தார். அவ்வோர் எழுத்தைப் பின்னாளில் எவரும் வெட்டிவிடலாமே! திப்பு சுல்தானின் மௌலூதி ஆண்டோ நாணயங்களில் வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. 1215 என்பதை அறியாதார் 5121 என வாசித்துத் திகைப்பர். அரபு எழுத்தறிந்த நம்மவரே இவற்றைச் சோதிக்கத் தக்கவர். நம்மவரோ இதில் நாட்டமற்றிருக்கின்றனர்.

எஃகும் பேசும். நல்ல அலகில் நீரோட்டம் போன்ற வரிகள் தோன்றும், 'ஜவ்ஹர்' என்பர். இந்திய எஃகு வாளை அரபிகள் 'முஹன்னத்' என்றே அழைத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தீ வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் வாளும் இடம்பெறுகிறது. உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்குவோர் இவ்வரிகளை மங்கச் செய்கின்றனர். பொற்கம்பி பதித்த எழுத்தோ போனால் போனதுதான்.

தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய அலகு பொருத்தப்பட்டுள்ளது. அதனைப் போலி எனத் தள்ளலாகாது. கப்பலில் வந்த வாளை ஒடித்து நம் கொல்லர் கட்டாரியாக்கினர். 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி மறைந்தபின், 1860களில் அரண்மனை ஆயுதங்களுள் சில தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயின. அந்த இழப்பு இன்று நம் வீட்டுப் பரண்களிலும் நிகழ்கிறது.

நூறாண்டு கடந்த ஆயுதம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. தனியார் அதனை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ பயணப்படும் பிள்ளைகளின் பெட்டியில் பாட்டனார் கட்டாரியை வைத்தனுப்ப வேண்டாம்.