போதும் என்று சொல்வது யார்?

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் வரை வருவது அரிது. ஜினகாஞ்சி என்ற பழைய பெயருள்ள ஊர் அது. பல்லவர் காலத்துச் சந்திரப்பிரபர் கோயிலும், பக்கத்தில் திரைலோக்கியநாதர் கோயிலும் இருக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தையும் அதன் கூரை ஓவியங்களையும் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, டி. என். இராமச்சந்திரன் 1934-இல் இவ்வூர்க் கோயில்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். அவ்வளவாகப் பேசப்படாதவை குரா மரத்தருகே நிற்கும் கற்பீடங்கள். மல்லிசேன வாமனர், புஷ்பசேனர் என்ற முனிவர்களின் நினைவைச் சொல்பவை அவை.

மருத்துவத்தை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியை நாம் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வந்த பிறகு பிறந்த கேள்வியாக நினைக்கிறோம். சமணம் அதை வெகுகாலத்துக்கு முன்பே கேட்டுவிட்டது. காஞ்சியோடு மரபு இணைத்துப் பேசும் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில், உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர்விடும் சல்லேகனைக்கு நான்கு சூழல்களைச் சொல்கிறார்: பேரிடையூறு, பஞ்சம், முதுமை, நோய். நான்குக்கும் ஒரே நிபந்தனை, அது தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. நோன்பில் இருப்பவர் செய்யக்கூடாத பிழைகளையும் நூல் பட்டியலிடுகிறது. இன்னும் கொஞ்சம் வாழ வேண்டும் என்று ஏங்குவது பிழை. சீக்கிரம் செத்துவிட வேண்டும் என்று விரும்புவதும் பிழை. இந்த இரண்டாவது பிழையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாதிருந்த சந்திரநந்தி என்ற ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. சிரவணபெளகொளவில் இத்தகைய கல்வெட்டுகள் ஏராளம், அவற்றில் பெண் துறவிகளும் உண்டு. ஹொய்சள அரசி சாந்தலை இறந்த பின் அவள் தாய் மாசிகப்பையும் அங்கே இப்படித்தான் உயிர்விட்டாள். கல்வெட்டு அவளைப் புகழ்கிறது. மகளை இழந்த ஒரு தாய் சோறு வேண்டாம் என்றதில் எவ்வளவு அறம், எவ்வளவு துக்கம் என்று கல்வெட்டு சொல்லாது. பெண்ணின் மரணத்தைக் கல்லில் புகழ்ந்து எழுதும் வழக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. சதிக்கும் நாம் கல் நட்டவர்கள்தான்.

இந்தச் சந்தேகம் நீதிமன்றம் வரை போனது. 2006-இல் ஜெய்ப்பூரில் புற்றுநோய் முற்றியிருந்த ஒரு பெண்மணி, சிகிச்சையை விட்டு இந்த நோன்பை ஏற்று இறந்தார். அதே ஆண்டில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் பொதுநல மனு தாக்கல் செய்தார். இது தற்கொலை, சதிக்கு ஒப்பானது என்பது அவர் வாதம். 1987-இல் ரூப் கன்வர் எரிந்ததைப் பார்த்த மாநிலம் அது. அந்த ஒப்புமை சும்மா வந்ததல்ல. 2015 ஆகஸ்ட் 10 அன்று உயர்நீதிமன்றம் இந்நோன்பைக் குற்றம் என்றது. அதே மாதம் 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

அந்த வாதங்களைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது வேறொன்று. மதச் சுதந்திரம் ஒரு பக்கம், தண்டனைச் சட்டம் மறுபக்கம். நடுவில் வலியோடு படுத்திருந்தவளின் வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவளுக்கு மார்பின் கிடைத்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் காரப்பேட்டை. அங்கே அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவமனை. அப்படி ஒன்று இருப்பதே ஒரு வெற்றி என்பதை மறந்துவிட்டு, "வீண் சிகிச்சை" என்று இன்று எளிதாகப் பேசிவிடுகிறோம். 1923-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். சட்ட மேலவைக்குப் போனதும் தேவதாசி முறைக்கு எதிராக நின்றதும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. தங்கையின் சாவிலிருந்து தொடங்கிய முப்பதாண்டு அலைச்சல் அவ்வளவாக இல்லை. புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டபோது, அதில் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், மருத்துவமனை எதற்கு என்ற தொனியில் ஆட்சியிலிருந்தவர்கள் பதில் சொன்னதை டாக்டர் சாந்தா பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் அடையாற்றில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. மறுவருடம் சேர்ந்த சாந்தா 2021-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

ஆக, "போதும்" என்ற சொல்லை முதலில் சொன்னது நோயாளி அல்ல, அரசு. அதுவும் சிகிச்சை தொடங்கும் முன்பே. பெண்களுக்கு இந்தச் சொல் இன்றும் சீக்கிரமாகவே வருகிறது. 2020-இல் மட்டும் இந்தியாவில் 1,23,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது, 77,000 பேர் அதில் இறந்தார்கள். ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாகும் நோய் இது. வெள்ளைப்படுதலை, மாதவிடாய் நின்ற பிறகு படும் உதிரத்தை வெளியே சொல்லக் கூசி, வீட்டு வேலை முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளித்தள்ளி வந்து சேரும்போது மருத்துவர் கையில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. இறுதிக்கட்ட நோயாளி என்கிறோமே, அவர்களில் எத்தனை பேரை நாமே இறுதிக்கட்டத்துக்கு அனுப்பினோம்?

ஆயுளை நீட்டும் சிகிச்சை வீண் என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவுக்கு 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று அடையாற்று மருத்துவமனையில் காலமானார். கிடைத்தது ஐந்து மாதத்துக்கும் குறைவு. அந்த மாதங்களுக்குள்தான் ஜனவரி 14 வந்தது, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. அதைப் பார்க்கும் ஆசை அவருக்கு இருந்தது, பார்த்தார். பேத்தியின் காதுகுத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் தறிக்காரப் பெண்ணின் ஆசையும் அதே எடைதான். அவளிடம் அப்படி ஓர் ஆசை உண்டா என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

செலவு என்றதும் மருத்துவமனை ரசீதைத்தான் நினைக்கிறோம். கணக்கில் வராத செலவை இந்த ஊரில் பார்ப்பது எளிது. கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறம் என்பதால் பக்கவாட்டு நாடாவைப் போட இன்னொரு கை தேவை. தார் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கூலி தறிக்கு, தறி ஆணின் பெயரில். அவளே ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்தால் தறி பாதியில் நிற்கும். அவளே நோயாளியானால் தறியும் நிற்கும், பார்த்துக்கொள்ள மகளின் படிப்பும் நிற்கும். அடகுக் கடைக்கு முதலில் போவது அவள் நகை. வீட்டில் எளிதில் பணமாகக்கூடியது அதுதான். 2023-இல் 'லான்செட்' ஆணையம் ஒன்று பெண்களையும் புற்றுநோயையும் பற்றி வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் புற்றுநோயாளிகளைப் பெண்கள் ஊதியமின்றிப் பராமரிப்பதன் மதிப்பு நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 3.66 சதவீதத்துக்குச் சமம் என்று கணக்கிட்டது. எந்த ரசீதிலும் இல்லாத தொகை.

இந்தச் சுமை தெரிந்திருப்பதால்தான் பெண்கள் "எனக்கு ஒண்ணும் வேண்டாம், விட்டுடுங்க" என்கிறார்கள். இதை விடுதலை பெற்ற மனத்தின் குரலாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. சமந்தபத்திரர் விலக்கிய அந்த இரண்டாவது பிழை இங்கே திரும்பி வருகிறது. வலி தாங்காமலும், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்றும் சாவை விரும்புகிறவள் தேர்ந்தெடுக்கவில்லை, நெருக்கப்படுகிறாள். முதலில் வலியை எடுத்துவிட்டு, பிறகு அவளைக் கேட்க வேண்டும்.

இந்த வரிசையை உலகுக்கு உரக்கச் சொன்னவர் செவிலியராக இருந்து மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ். 1967-இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்துதான் இன்றைய வலிநிவாரண மருத்துவம் வளர்ந்தது. நம் நாடு அதற்கு நேரெதிராக நடந்தது. மருந்துக்கான அபினியைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் இந்தியாவில், 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகளே மார்பின் வாங்க அஞ்சின. 1997-இல் நாடு முழுவதும் பயன்பட்டது வெறும் 18 கிலோ. 2014-இல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வலியால் கத்திக்கொண்டே செத்தவர்களுக்கு யாரும் கல் நடவில்லை. 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கு வருகிறது. வீடு வீடாகப் போகும் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய ஊதியத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

சட்டம் இப்போது ஒரு கதவைத் திறந்திருக்கிறது. மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-இல் தொடங்கியது, 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' வழக்கில் உறுதியானது: மீள வழியில்லாத நோயில் உயிரைச் செயற்கையாக நீட்டும் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அப்போது நீதித்துறை நடுவரின் கையொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு அதிகாரி முன் இரு சாட்சிகளோடு எழுதினால் போதும் என்றார்கள். எழுதுபவர் தாமே பேச முடியாத நிலையில் தமக்காக முடிவெடுக்க ஒருவரையோ பலரையோ அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடலாம். அந்தப் பெயர் கணவனுடையதாகவோ மூத்த மகனுடையதாகவோதான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பில் எங்கும் இல்லை.