இடைச்செருகல் உள்ள ஒரு கிதார்

சென்ற ஆண்டு, அமெரிக்காவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதுகலையில் என்னிடம் சுவடிப் பதிப்பும் பாடவேறுபாடும் படித்தவர். பின்னர் கணிப்பொறித் துறைக்குப் போய்விட்டார். "ஐயா, 1964ஆம் ஆண்டில் செய்த கிப்ஸன் இ.எஸ். 335 என்னும் மின்கிதார் ஒன்று விலைக்கு வருகிறது. என் சேமிப்பில் பெரும்பகுதி அதற்குப் போய்விடும். இது மூலமா, இடைச்செருகல் உள்ளதா என்று அறிய நீங்கள் கற்றுத்தந்த முறை உதவுமா?" என்று கேட்டிருந்தார். உடன் இருபது ஒளிப்படங்கள்.

எனக்குக் கிதாரில் ஒரு தந்தியைக்கூட மீட்டத் தெரியாது. ஆனால் கேள்வி என் துறைக்குரிய கேள்வி. விடுமுறை நாட்கள் என்பதால் இரண்டு வாரம் அந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் கருவி பிறந்த கதை. கிப்ஸன் நிறுவனம் 1902இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் தொடங்கப்பட்டது. 1936இல் அது இ.எஸ். 150 என்னும் மின்கிதாரை வெளியிட்டது. இ.எஸ். என்பது 'எலெக்ட்ரிக் ஸ்பானிஷ்' என்பதன் சுருக்கம். சார்லி கிறிஸ்டியன் என்னும் ஜாஸ் கலைஞர் அதனைப் புகழ்பெறச் செய்தார். அது முழுவதும் உள்ளீடற்ற கருவி. இனிய நாதம் உண்டு. ஆனால் ஒரு பெருங்குறையும் உண்டு. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால், அந்தச் சத்தம் கிதாரின் மேற்பலகையை அதிரச் செய்யும். அந்த அதிர்வு தந்தி வழியாக மீண்டும் ஒலிபெருக்கிக்குப் போகும். அது பெருகிப் பெருகி ஊளையாக மாறும். ஐம்பதுகளில் அரங்குகளும் ஒலிபெருக்கிகளும் பெரிதானபோது இந்த ஊளை பெருந்தொல்லையாயிற்று.

இதற்கு மாற்றாக வந்தவை உள்ளே வெற்றிடமே இல்லாத திண்கட்டைக் கிதார்கள். 1950இல் ஃபெண்டர் அத்தகைய கருவியை விற்கத் தொடங்கினார். 1952இல் கிப்ஸன் தன் லெஸ் பால் கிதாருடன் வந்தது. ஊளை நின்றது. ஆனால் கருவி கனத்தது. பழைய நாதத்தின் காற்றோட்டமும் போயிற்று என்று பலர் குறைப்பட்டனர்.

நம் தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் வேறுபடுத்தும்போது, வெளியே வயிரம் கொண்டது புறக்காழ், உள்ளே வயிரம் கொண்டது அகக்காழ் என்று பகுப்பது நினைவிருக்கும். அதுவரை கிதார்களும் இந்த இருவகைதாம். 1950 முதல் 1966 வரை கிப்ஸன் நிறுவனத்தின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டியின் காலத்தில், 1958இல், இரண்டையும் இணைத்த கருவி ஒன்று வந்தது. அதுவே இ.எஸ். 335. நடுவில் கழுத்திலிருந்து அடிவரை ஓடும் ஒரு மேப்பிள் கட்டை; அதன் இருபுறமும் வயலினைப் போல எஃப் வடிவத் துளை கொண்ட உள்ளீடற்ற சிறகுகள். அகலம் 16 அங்குலம். தடிமன் ஏறத்தாழ 1¾ அங்குலமே. நடுக்கட்டை ஊளையை அடக்கியது. சிறகுகள் நாதத்தைக் காத்தன. பாதி உள்ளீடற்ற கிதார் என்னும் வகைக்கு இன்றுவரை இதுவே முன்மாதிரி. அன்றைய பட்டியல் விலை 267.50 டாலர்.

*

ஒரு கிதார் நல்ல கிதாரா என்பது ஒரு கேள்வி. அது நல்ல விலை போகுமா என்பது மற்றொரு கேள்வி. இரண்டும் ஒன்றென்றே நான் எண்ணியிருந்தேன். படிக்கப் படிக்க, அவை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்பவை என்று தெரிந்தது.

முதற் கேள்விக்கு விடை காண்பது ஓரளவு எளிது. எஃப் துளை வழியாக விளக்கடித்துப் பார்த்து நடுக்கட்டை இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஏனெனில் 1959இல் வந்த இ.எஸ். 330 வெளித்தோற்றத்தில் இதன் உடன்பிறப்பு. உள்ளே கட்டை கிடையாது. அடுத்து, கழுத்து நேராக இருக்கிறதா, மெட்டுகள் தேய்ந்து பள்ளமாகியுள்ளனவா, விளிம்புகளில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் இணைத்து ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிக் கேட்க வேண்டும். இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் சொல்லவேண்டும். இதன் மேற்பலகை ஒட்டுப்பலகை: மேப்பிள், பாப்ளர், மேப்பிள் என்று மூன்றடுக்கு. ஒட்டுப்பலகை என்றதும் மட்டமான சரக்கு என்று முகம் சுளிப்பவர் உண்டு. இந்தக் கருவிக்கு அதுவே முறை; கலமசூவில் செய்த மிக உயர்ந்த 335களும் அப்படியே செய்யப்பட்டன.

இரண்டாவது கேள்விக்கு வரும்போதுதான் நாம் சுவடி நூலகத்துக்குள் நுழைகிறோம்.

இந்தக் கருவியின் உறுப்புகள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மாறின. 1962 வரை விரற்பலகையில் புள்ளிகள், பிறகு கட்டங்கள். 1964 வரை தந்திகளின் வால்முனையைப் பிடித்திருந்தது மேற்பலகையில் திருகாணியால் இறுக்கிய உலோகப் பட்டை. 1965 முதல் அடிவிளிம்பிலிருந்து தொங்கும் ஊஞ்சல் போன்ற சட்டம். அதே 1965இல் கழுத்தின் மேல்முனை அகலம் 1 11/16 அங்குலத்திலிருந்து 1 9/16 அங்குலமாகக் குறுகியது. நிக்கல் பூச்சு போய்க் குரோமியம் வந்தது. குறுகிய கழுத்தில் விரல்கள் நெருக்குகின்றன என்பது வாசிப்போர் பலரின் கருத்து. ஆகவே 1964க்கும் 1966க்கும் இடையே இரண்டாண்டுதான். ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். 1958 முதல் 1964 வரையிலான கருவிகள் இன்று பல்லாயிரம் டாலருக்கு விற்கின்றன. மரத்தின் இயல்நிறம் விட்டுச் செய்தவை 1958 முதல் 1960 வரை 209 மட்டுமே. அவற்றின் விலை இன்னும் மேலே.

ஏட்டுப்பிரதியின் காலத்தை எழுத்தமைதி, ஓலை, கடைசி ஏட்டுக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டு கணிப்போம் அல்லவா? இங்கும் அப்படியே. துளை வழியாகத் தெரியும் ஆரஞ்சுநிறச் சீட்டு ஒரு சான்று. 1961 வரை உள்ளே முத்திரையிட்ட ஆணை எண்ணின் முதலெழுத்து இன்னொரு சான்று: டி என்றால் 1958, எஸ் என்றால் 1959, ஆர் என்றால் 1960. தலைப்பலகையின் பின்புற வரிசை எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அறுபதுகளில் கிப்ஸன் ஒரே எண்ணை வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்ப இட்டிருக்கிறது.

இவற்றைவிட உறுதியான சான்று ஒலியளவுக் குமிழ்களின் அடிப்புறத்தில் இருக்கிறது. 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தின் குறி, 134 சென்ட்ராலேப். அடுத்த இரு இலக்கம் ஆண்டு. கடைசி இரண்டு வாரம். 1376432 என்றிருந்தால், 1964இன் 32ஆவது வாரத்தில் சி.டி.எஸ். செய்த குமிழ். கிதார் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஈயப்பற்று கலைக்கப்படாமல் இருக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மெருகு மாற்றப்பட்டதா என்று அறிய இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுவர். பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பச்சை கலந்து ஒளிரும். பிற்காலத்துப் பூச்சு பெரும்பாலும் இருண்டு நிற்கும்.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தவை பிக்கப் எனப்படும் ஒலிவாங்கிகள். சேத் லவர் என்னும் பொறியாளர் மின்னிரைச்சலை நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை உருவாக்கி, 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் உரிமை கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் சில ஆண்டுகள் வரை 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற சிறு சீட்டு அவற்றின் அடியில் ஒட்டப்பட்டது. பிறகு வந்த சீட்டில் ஓர் எண் அச்சிட்டிருந்தது. அந்த எண்ணோ பிக்கப்பின் உரிமை எண் அன்று. லெஸ் பாலின் தந்திப்பிடிக்கு வழங்கிய எண். இன்று அந்தத் தவறே மெய்ம்மைக்குச் சான்று! ஏடெழுதியவனின் பிழையைக்கொண்டு ஏட்டின் கால்வழியை நிறுவுகிறோமே, அதுபோல.

இன்னும் ஒன்று. அந்நாளில் சுருள் சுற்றும் அச்சுக்குக் கறுப்பு நெகிழி தட்டுப்பட்டபோது வெண்மஞ்சள் நெகிழி பயன்பட்டது. நிறத்துக்கும் ஒலிக்கும் தொடர்பில்லை. ஆனால் வெண்மஞ்சள் சுருளுக்கு விலை அதிகம். பிக்கப்போ உலோக மூடிக்குள் இருக்கிறது. மூடியை ஈயத்தால் மூடியிருக்கிறார்கள். உள்ளே என்ன நிறம் என்று அறிய ஈயத்தை உருக்கித் திறக்கவேண்டும். திறந்தால், திறக்கப்படாதது என்னும் மதிப்பு போய்விடும். விலையை அறியும் செயலே விலையைக் குறைக்கிறது.

மெட்டுகளுக்கும் இதே கதி. தேய்ந்த மெட்டுகளை மாற்றினால் கருவி நன்றாக வாசிக்கும்; விலை சற்று இறங்கும். இதன் மஹாகனிக் கழுத்து தலைப்பலகை சேரும் இடத்தில் எளிதில் முறியக்கூடியது. நல்ல கைவினைஞர் ஒட்டினால் ஓசையில் வேறுபாடு தெரியாது. ஆயினும் முறிந்து ஒட்டிய கருவிக்கும் மறுமெருகிட்ட கருவிக்கும் பாதி விலை என்பது வணிகர் கணக்கு.

விரற்பலகைக்கும் ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் பிரேசில் ரோஸ்வுட். அறுபதுகளின் பிற்பகுதியில் இந்திய ரோஸ்வுட் வந்தது. சேகரிப்போர் பிரேசில் மரத்தையே உயர்வாகக் கருதுகின்றனர். ஆனால் 1992 முதல் அம்மரம் பன்னாட்டு வணிகத் தடைப்பட்டியலில் உள்ளது. உரிய அனுமதி இல்லாமல் எல்லை கடத்த முடியாது. இந்திய ரோஸ்வுட் என்பது வேறெதுவும் அன்று. நம் மேற்கு மலைத் தொடரில் விளையும் ஈட்டி மரம், தோதகத்தி. நம் வீட்டுப் பழைய பீரோக்களின் உறவினர் அங்கே இரண்டாந்தரமாகிவிட்டார்.

இந்தச் சந்தையின் உச்சி எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று: எரிக் கிளாப்டன் வைத்திருந்த 1964ஆம் ஆண்டு 335, 2004இல் நியூயார்க் ஏலத்தில் 8,47,500 டாலருக்குப் போனது. அந்தத் தொகை மரத்துக்கு அன்று, அதைத் தொட்ட கைக்கு. ஆனால் அத்தகைய ஏலங்கள் சாதாரணக் கருவிகளின் விலையையும் இழுத்து உயர்த்தின. 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் பழைய கிதார்களின் விலை விழுந்தபோது, பங்குபோல எண்ணி வாங்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டனர்.

*

மாணவரின் கிதாருக்கு வருகிறேன். ஒளிப்படங்களில் எல்லாம் 1964க்குப் பொருந்துவதாகவே தோன்றியது. மேற்பலகையில் இறுக்கிய பட்டை இருந்தது. வரிசை எண் பொருந்தியது. மூன்று செய்திகள் வேண்டும் என்று எழுதினேன்: கழுத்தின் மேல்முனை அகலம், அடிவிளிம்பின் அண்மைப்படம், குமிழ்களின் எண்.

அடுத்த வாரம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். அகலம் 1 9/16 அங்குலம். அடிவிளிம்பில் அடைத்து மெருகிட்ட மூன்று சிறு துளைகள். ஊஞ்சல் சட்டம் இருந்த தடம். பல்மருத்துவர் கண்ணாடி போன்ற ஒன்றைத் துளைவழி நுழைத்துப் பார்த்ததில் குமிழில் 13766 என்று தொடங்கும் எண். ஆக, 1966. பின்னாளில் யாரோ சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பழைய பட்டையைப் பொருத்தியிருக்கிறார்கள்.

இதில் ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்பதுதான் என்னை உறுத்தும் வினா. அந்த மாற்றம் ஓசைக்கு நல்லதென்று கருதி, தாம் வாசிப்பதற்காகவே செய்துகொண்டவர் பலர். அவர் பொய் சொல்லவில்லை. தம் கருவியைத் திருத்திக்கொண்டார். அந்தத் திருத்தத்தை மூலமென்று கூறி விலை வைத்தபோதுதான் அது பொய்யாயிற்று. நம் ஏடுகளிலும் இடைச்செருகல் செய்தவர் எல்லாரும் வஞ்சகரா? தம் காலத்துக்கு நூல் வாசிக்கப்படவேண்டும் என்று எண்ணியவரும் அவர்களுள் உண்டு. பதிப்பாசிரியனின் கடமை அவரைப் பழிப்பதன்று. இன்னது பின்னர் வந்தது என்று அடிக்குறிப்பு இடுவது. அடிக்குறிப்போடு விற்றிருந்தால் அது நேர்மையான கிதார்.

"தம்பி, 1966க்கு உரிய விலையைச் சொல்லிப் பாருங்கள்" என்று எழுதினேன். சொல்லியிருக்கிறார். விற்பவர் இறங்கவில்லை.

சில மாதங்களுக்குப் பின் அவர் எண்பதுகளில் ஜப்பானில் செய்த பிரதி ஒன்றை வாங்கினார். இந்தப் பிரதிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1977இல் கிப்ஸனின் உரிமையாளரான நார்லின் நிறுவனம், ஐபனெஸ் கிதார்களின் தலைப்பலகை தன்னுடையதன் நகல் என்று வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயிற்று. இன்று எந்த வழக்கிலும் சிக்காத ஜப்பானியக் கிதார்களையும் 'வழக்குக் கிதார்' என்று பெயரிட்டு விலை ஏற்றுகிறார்கள். மாணவர் வாங்கியதற்கு அந்தப் பெயர் இல்லை. அதனால் விலையும் குறைவு.

சென்ற பொங்கலன்று தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். நான்கு நிமிடம் இருக்கும். நாதம் கனிந்திருந்தது என்று மட்டும் என்னால் சொல்ல முடியும். திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "ஐயா, மெட்டெல்லாம் மாற்றிவிட்டேன்" என்றார்.