கறுப்புத் துணியும் பாஸ்கா ஆட்டுக்குட்டியும்: பிரோஸ்மனியின் 1916ஆம் ஆண்டுக் கண்காட்சி

ஜார்ஜிய ஓவியர் நிக்கோ பிரோஸ்மனஷ்விலியின் (1862–1918) படைப்புகளை மட்டுமே கொண்ட கண்காட்சி ஒன்று 1916 மே 5 அன்று திபிலிசி நகரில், ஓவியர் கிரில் ஸ்தானெவிச்சின் பணிக்கூடத்தில், ஒரே ஒரு நாள் நடைபெற்றது. பிரோஸ்மனி என்ற சுருக்கப் பெயராலேயே உலகம் அறிந்த அவர் அப்போது உயிரோடிருந்தார். காட்சிக்கு வைக்கப்பட்ட ஓவியங்கள் அப்போது எந்த அருங்காட்சியகத்துக்கும் உரியவையாக இருக்கவில்லை. கிரிலும் அவருடைய தம்பி இலியாவும் 1912 முதல் நகரின் மதுக்கடைகளில் தேடியலைந்து சேர்த்த தனியார் தொகுப்பைச் சேர்ந்தவை. ஜார்ஜியாவின் சமயக் கலையைப் பற்றிப் பேசுவோர் தேவாலயச் சுவரோவியங்களோடு நின்றுவிடுவது வழக்கம். மதுக்கடைச் சுவர்களிலிருந்து வந்த இத்தொகுப்புக்கும் அம்மரபில் இடமுண்டு என்பதை அவ்வொருநாள் கண்காட்சியை முன்வைத்துக் காட்ட இயலும்.

நான்காம் நூற்றாண்டிலேயே கிறித்தவத்தை ஏற்ற ஜார்ஜியாவில் கெலாத்தி, கின்த்ஸ்விசி முதலிய ஆலயங்களின் சுவரோவியங்கள் நெடிய மரபொன்றை உருவாக்கியிருந்தன. 1811இல் ரஷ்யப் பேரரசு ஜார்ஜியத் திருச்சபையின் தன்னாட்சியைப் பறித்த பின்னர், ஆலயச் சுவர்கள் பலவற்றில் பழைய ஓவியங்களின் மீது சுண்ணாம்பு பூசப்பட்டது. தன்னாட்சி 1917இல்தான் மீண்டது. ஆகவே பிரோஸ்மனியின் வாழ்நாளில் ஏறத்தாழ முழுமையும் மரபான சமய ஓவியம் ஒடுங்கிக் கிடந்த காலமாகும்.

காகேத்திப் பகுதியின் மிர்ஸானி என்னும் சிற்றூரில் குடியானவக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, இரயில்வே ஊழியராகவும் பால்கடைக்காரராகவும் இருந்து பார்த்த பின்னரே அவர் ஓவியத்தை முழுநேரத் தொழிலாகக் கொண்டார். ‘துக்கான்’ எனப்படும் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் சுவர்ப்படமும் வரைந்து கொடுத்து, அதற்கு ஈடாக உணவும் மதுவும் தங்க ஓரிடமும் பெற்றுக்கொள்வதே அவருடைய பிழைப்பு. 1914இல் பேரரசெங்கும் மதுவிலக்கு வந்தபோது அந்த ஆதாரமும் ஆட்டங்கண்டது.

அவர் பெரிதும் பயன்படுத்தியது கறுப்பு மெழுகுத்துணி, அதாவது மேசைமீது விரிக்கும் வழவழப்பான பூச்சுத் துணி. இங்கேதான் கூர்ந்து கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உள்ளது. பிற ஓவியர்கள் பலர் வெண்பரப்பில் தொடங்கி நிழலைத் தீட்டிச் சேர்ப்பர். பிரோஸ்மனியோ கறுப்பில் தொடங்கி ஒளியைத் தீட்டிச் சேர்த்தார். ஆடையின் மடிப்பு, இமையின் கோடு, விலங்கின் விழி போன்ற இடங்களில் வண்ணமே படாத துணிதான் கருமையாக நிற்கிறது. பாஸ்கா எனப்படும் உயிர்த்தெழுதல் திருநாளுக்குரிய ஆட்டுக்குட்டியை அவர் வரைந்த விதத்தில் இதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. இருளின் நடுவே வெண்ணிறக் குட்டி நிற்க, அருகே சிவப்பு முட்டைகள் காணப்படுகின்றன. மஞ்சிட்டி இனத்து வேரில் முட்டைகளுக்குச் சாயமேற்றுவது அந்நாட்டு இல்லங்களின் திருநாள் வழக்கம். பலியாகப் போகும் அந்த உயிர் பார்ப்பவரை நேராக நோக்குகிறது. திருவுருவப் படங்களில் பொற்பின்னணி விண்ணுலக ஒளியைக் குறிக்கும். கடையில் கிடைத்த மலிவான துணியின் இருள் இங்கே அதே பணியைச் செய்கிறது, ஒருவேளை இன்னும் கடுமையாகச் செய்கிறது.

விருந்துக் காட்சிகளையும் இவ்வாறே அணுக வேண்டும். ‘சுப்ரா’ எனப்படும் ஜார்ஜிய விருந்தில் ‘தமாடா’ என்னும் தலைவர் இறைவனையும் அமைதியையும் மறைந்தோரையும் முன்னிட்டு ஒவ்வொரு கிண்ணத்துக்கும் வாழ்த்துரை சொல்ல, ஏனையோர் அதை ஏற்றுக் குடிப்பர். ஆகவே அது வெறும் குடிக்கூத்தன்று, பாதி வழிபாடு. பிரோஸ்மனியின் விருந்தினர் வெண்விரிப்பிட்ட நீண்ட மேசைக்குப் பின்னால் வரிசையாக அமர்ந்து, கொம்புக் கிண்ணங்களை ஏந்தியபடி, சிரிப்பின்றி எதிர்நோக்குகின்றனர். இறுதி இராவுணவுச் சுவரோவியங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு அந்த அமைப்பு புதிதன்று.

இலியா 1913இல் திபிலிசி நாளிதழில் எழுதிய கட்டுரையும், அதே ஆண்டு மாஸ்கோவில் ‘இலக்கு’ என்னும் கண்காட்சியில் கொன்சரோவா, மாலேவிச் முதலியோரின் படைப்புகளுடன் பிரோஸ்மனியின் ஓவியங்கள் சில வைக்கப்பட்டதும் அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தன. ஆனால் நவீனர்கள் அவரிடம் கண்டது கல்விச்சாலைக் கலைக்கு மாற்றான எளிமையையே. அவ்வெளிமையின் சமய வேரை அவர்கள் போதிய அளவு பொருட்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. எனினும் கடைகள் மூடப்பட்டும் சுவர்கள் இடிக்கப்பட்டும் பல படங்கள் அழிந்த நிலையில், இன்று எஞ்சியிருக்கும் சுமார் 200 ஓவியங்களின் பிழைப்புக்கு அச்சகோதரர்களின் ஆர்வம் பெருங்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. கிரிலின் தொகுப்பு பின்னர் ஜார்ஜிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

அருங்காட்சியகப் பட்டியல்களோ இவ்வோவியங்களை விலங்குகள், விருந்துகள், சமயப் பொருள்கள் எனக் கூறுபோடுகின்றன. அவ்வகைப்பாட்டின்படி பாஸ்கா ஆட்டுக்குட்டி சமயப் பிரிவிலும், அதே விழிகளோடு அதே இருளில் நிற்கும் மான் விலங்குப் பிரிவிலும் அடங்கும். 1916இல் ஓர் ஓவியரின் பணிக்கூடத்தில் ஒன்றாகக் கூடிய படங்களுக்கு அந்தப் பிரிவினை பொருந்துவதாக இல்லை.