உம்மாட சோத்துப் பார்சலும் வானத்துச் சாப்பாடும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன வருடம் உம்மாவை உம்றாவுக்குக் கூட்டிப் போனேன். விமானம் ஏறி ஒரு மணித்தியாலம் இருக்கும். உம்மா கைப்பையைத் திறந்து வாழை இலைப் பார்சலை எடுத்தார். ரொட்டிக்குள் சீனிச் சம்பல் வைத்துச் சுருட்டியது. பக்கத்தில் தாளில் சுற்றிய நாலு துண்டு முஸ்கட். இலையை விரித்ததும் மாசி வாசம் நாலு வரிசைக்குப் போனது.

"உம்மா, உள்ள வைங்க. ஆக்கள் பாக்குறாங்க" என்று காதுக்குள் சொன்னேன்.

உம்மா ஒன்றும் பேசவில்லை. இலையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு வந்த தட்டில் பாணை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். அதே நேரம் முன் வரிசையில் ஒரு வெளிநாட்டவர், விமான நிலையக் கடையில் வாங்கிய பெட்டியைத் திறந்து சீஸும் திராட்சையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

வீடு வந்த பிறகும் அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறவன் நான். உம்மாட பார்சலுக்கு வெட்கப்பட்ட நான், அந்தப் பெட்டியை ஏன் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன்? இதற்கும் ஒரு வரலாறு இருக்குமே என்று தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க வெட்கம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

முதலில் கடலில் இருந்து தொடங்குவோம். 1344 இல் நம் தீவுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதாவை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் மாலைதீவில் காழியாக இருந்தவர். அங்கே மீனை நாலாக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகை காட்டி உலர்த்துவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். இந்தியா, சீனா, யெமன் வரை அது ஏற்றுமதியானதாம். அதுதான் இன்று நம் அடுக்களையில் இருக்கும் மாசி. கள்ளிக்கோட்டையில் அவர் பார்த்த சீனக் கப்பல்களிலோ மரத் தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் வளர்த்தார்களாம்.

நீராவிக் கப்பல் காலம் வந்த பிறகும், இந்து சமுத்திரத்தைக் கடந்து ஹஜ்ஜுக்குப் போனவர்களில் பலர் கையோடு கொண்டுபோன அரிசியையும் பருப்பையும் மேல்தட்டில் தாங்களே சமைத்துத்தான் சாப்பிட்டார்கள். பயணம் என்றால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது. ஆயிரக்கணக்கான வருடங்களாக அதுதான் வழமை. ஏற்றிப் போகிறவனே சாப்பாடும் தருவான் என்பது பின்னால் வந்த பழக்கம்.

விமானத்தில் அது எப்போது தொடங்கியது? 1919 ஒக்டோபர் 11. லண்டனில் இருந்து பரிஸ் போன ஹான்ட்லி பேஜ் நிறுவனத்தின் விமானத்தில் பெட்டியில் அடைத்த பகல் உணவு கொடுத்தார்கள். இலவசம் இல்லை, ஒரு பெட்டி 3 சிலிங். சூடாக்க அடுப்பு இல்லை, ஆகவே எல்லாம் ஆறின சாப்பாடு. உண்மையைச் சொன்னால் அதுவும் ஒரு பார்சல்தான். 1936 இல் அமெரிக்காவின் யுனைட்டட் நிறுவனம் தனியாகச் சமையலறை அமைத்துச் சூடான சாப்பாடு கொடுக்கத் தொடங்கியது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு விமானச் சாப்பாடு பெரிய ஆடம்பரமானது. அதற்குக் காரணம் தாராள மனசு இல்லை. அந்தக் காலத்தில் சர்வதேசப் பயணக் கட்டணத்தை ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சங்கம் பேசி முடிவுசெய்யும், அரசாங்கங்கள் அங்கீகரிக்கும். ஒரு நிறுவனம் விரும்பினாலும் டிக்கட்டை மலிவாக விற்க முடியாது. பிறகு எதில் போட்டி போடுவது? தட்டில்தான்.

1958 இல் நடந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். அத்லாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்களில் மலிவான எகொனமி வகுப்பு அந்த வருடம் தொடங்கியது. அதில் சாதாரணமான, ஆறின, மலிவான சான்ட்விச் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று விதி. ஸ்கன்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். ஒரு பாண் துண்டின் மேல் மீனும் இறைச்சியுமாக அடுக்கி, "இதுதான் எங்கள் ஊர் சான்ட்விச்" என்றது. அமெரிக்காவின் பான் ஆம் முறைப்பாடு செய்தது. கடைசியில் எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு 20,000 டொலர் அபராதம். சான்ட்விச் எது என்று பெரிய பெரிய நிறுவனங்கள் அடிபட்ட காலம் அது.

1978 இல் அமெரிக்கா தன் உள்நாட்டுச் சேவைகளின் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. டிக்கட் விலையிலேயே போட்டி போடலாம் என்றானதும் தட்டு சுருங்கத் தொடங்கியது. 1980களில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் சலாதில் இருந்து ஒரேயொரு ஒலிவ் காயை எடுத்துவிட்டு வருடத்துக்கு 40,000 டொலர் மிச்சம் பிடித்ததாகச் சொல்வார்கள். இன்று மலிவு விலை விமானங்களில் தண்ணீர்ப் போத்தலுக்கும் காசு. சுற்றி வளைத்து அந்த 3 சிலிங் பெட்டிக்கே திரும்பி வந்திருக்கிறோம்.

இப்போது வசதியானவர்கள் என்ன செய்கிறார்கள்? 2008 இல் லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையத்தில் பிரபல சமையற்காரர் கோர்டன் ராம்சே உணவகம் திறந்தார். அங்கே விமானத்துக்குள் கொண்டுபோய்ச் சாப்பிடவென்றே பெட்டியில் கட்டித் தந்தார்கள். அவருடைய பார்சல் நாகரிகம், நம் வாழை இலை பட்டிக்காடு. இந்தக் கணக்கை யார் நமக்குச் சொல்லித் தந்தது?

இன்னொரு விஷயம். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைக்கப்படுகிறது. நம் நுவரெலியா 6,000 அடிக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் நுவரெலியாவில் இருக்கும் ஈரம் அங்கே இல்லை. காற்று பாலைவனம் போல உலர்ந்தது, மூக்கு காய்ந்துவிடும். ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிறுவனம் லுப்தான்சாவுக்காகச் செய்த ஆய்வில், இந்த நிலையில் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகவே தெரிவதாகக் கண்டார்கள். 2015 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வு, எஞ்சின் போன்ற இரைச்சலில் இனிப்பு மங்கி, 'உமாமி' என்கிற சுவை கூடத் தெரிவதாகச் சொன்னது. உமாமி என்றால் தக்காளி, உலர்ந்த மீன் போன்றவற்றில் உள்ள ருசி. அதாவது மாசி! தட்டில் வந்த சாப்பாடு எனக்குச் சப்பென்று இருந்ததற்கும், உம்மா மாசி கட்டிக்கொண்டு வந்ததற்கும் விஞ்ஞானமே பதில் சொல்லிவிட்டது.

கொண்டுபோகிறவர்கள் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006 ஓகஸ்டில், பானப் போத்தல்களில் வெடிமருந்து கொண்டுபோகும் சதி லண்டனில் பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் கைப்பையில் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது என்று வந்தது. போத்தலில் அடைத்த சீனிச் சம்பல், வட்டிலப்பம், கறி எல்லாவற்றையும் திரவக் கணக்கில்தான் பார்ப்பார்கள். அவற்றைப் பெரிய பெட்டியில் போடுங்கள். ரொட்டி, முஸ்கட், பிஸ்கட் கையில் போகலாம். போய் இறங்கும் நாட்டில் இறைச்சிக்கும் பழத்துக்கும் தடை இருக்கலாம், முன்கூட்டியே பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு துண்டு நீட்டுவதும் நம் வழக்கம்தானே.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான விஷயம். உம்மாவுக்கு விமானம் புதிதில்லை. 1990களில், நான் ஆரம்பப் பாடசாலையில் இருந்தபோது, வீட்டு வேலைக்குக் குவைத் போனவர் அவர். அந்த முதல் பயணத்தில் தட்டில் இருந்தது என்ன இறைச்சி என்று கேட்க மொழி தெரியவில்லை. கேட்கவும் பயம். உம்மும்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும் சீனிச் சம்பலும்தான் அன்று முழுதும் சாப்பாடு. மிச்சத்தை அந்த வீட்டில் ஒரு கிழமை ஒளித்து வைத்துச் சாப்பிட்டாராம். அந்தச் சம்பளத்தில் படித்துத்தான் நான் கலாசாலை போய் ஆசிரியரானேன். அந்தப் பார்சலைத்தான் நான் மடித்து வைக்கச் சொன்னேன்.

போன கிழமை உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்னு பதூதாவில் இருந்து உமாமி வரை வாசித்த எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "மாசி ருசியெண்டு தெரிஞ்சிக்க இவ்வளவு படிக்கணுமா மகன்?" என்றார்.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் ஹஜ்ஜுக்கோ வெளிநாட்டுக்கோ போகும்போது என்ன கட்டிக்கொண்டு போனார்கள்? கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எனக்கும் உதவும்.