விதி நூலைத் திறந்து பார்த்தவர் யார்?

(‘தேர்வு விதிகள் நம் பிள்ளைகளுக்குத் தடையா, துணையா?’ என்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், “விதிகள் எல்லாம் நம்மைத் தடுக்கப் போட்ட வேலி” என்றார். அரங்கில் கைத்தட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லவே நான் எழுந்திருக்கிறேன்.

நான் கேமரன் மலையில் கோலா தெர்லா பக்கத்துக்காரன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் லயத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் காலெடுத்து வைத்தவர் ஓர் அண்ணன். 1980களில் நடந்த கதை இது. அவருக்கு இடம் கிடைத்த அன்று கோயிலில் பொங்கல் வைத்தோம். கொழுந்து பறிக்கும் அம்மாமார்கள் ஆளுக்கு ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று சேர்த்துக் கொடுத்துத்தான் அவரைப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

முதலாண்டுத் தேர்வில் அவருக்கு இரண்டு பாடங்கள் போய்விட்டன. விடுமுறைக்கு மலைக்கு வந்துவிட்டார். மறுதேர்வு எழுதலாம், இன்ன தேதிக்குள் கட்டணம் கட்டிப் பெயரைப் பதிய வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்தில் கடிதம் வீட்டுக்கு வராது, ஆபீசுக்குத்தான் வரும். கிராணி விடுப்பில் இருந்தார். மூன்று வாரம் மேசையில் கிடந்தது அந்தக் கடிதம். கைக்குக் கிடைத்தபோது தேதி தாண்டிவிட்டது. அண்ணன் கோலாலம்பூருக்கு ஓடினார், இரண்டே நாளில் திரும்பி வந்தார்.

“கேட்டேன்டா தம்பி. காலக்கெடு முடிஞ்சிருச்சுன்னாங்க. சரின்னு வந்துட்டேன்” என்றார்.

அதன் பிறகு அவர் காய்கறி லாரி ஓட்டினார். உழைப்பில் இழிவு இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் நான் சேர்ந்தபோது விதி நூலைப் புரட்டினேன். தகுந்த காரணம் காட்டினால் தாமத விண்ணப்பத்தை ஏற்கும்படி மேலிடத்துக்கு எழுதலாம் என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. அண்ணனிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை.

இந்தத் தேர்வும் விதியும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டாமா?

வினாத்தாளில் பிறந்த பல்கலைக்கழகம்

1836இல் லண்டன் பல்கலைக்கழகம் சாசனம் பெற்றது. அது பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை, தேர்வு வைத்துப் பட்டம் தருவதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. இந்த முறையைப் பார்த்துத்தான் 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களை ஆங்கிலேயர் அமைத்தார்கள். சென்னையின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து போன சி.வை. தாமோதரம் பிள்ளை. தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பின்னாளில் அச்சேற்றிய அதே பெரியவர்தான்.

அன்றைய முறையில் ஆண்டெல்லாம் படித்ததைச் சில நாள் தேர்வில் கொட்ட வேண்டும். எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் மொத்தமும் தோல்வி. இந்த விதியில் அகப்பட்டவர்களில் நாம் எல்லோரும் அறிந்த ஒருவர் உண்டு. அவர் கணித மேதை இராமானுஜன்.

இராமானுஜனை விழுத்திய விதியும் தூக்கிய விதியும்

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த பிள்ளை. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தவறினார், உதவித்தொகை போயிற்று. 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். கணக்கில் கொடிகட்டியவர் உடலியலில் விழுந்தார். 1907இல் மீண்டும் எழுதினார், மீண்டும் தோல்வி. பட்டமில்லை, வேலையில்லை. 1912இல்தான் சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் என் நண்பர் சொன்னது முழு உண்மை ஆகியிருக்கும். ஆனால் 1913இல் என்ன நடந்தது? இராமானுஜனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர வேண்டும் என்று கணிதப் பாடக்குழு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தது. உடனே தடை வந்தது. முதுகலைப் பட்டம் உள்ளவர்க்குத்தான் அந்த உதவித்தொகை என்பது விதி. இவரோ எஃப்.ஏ.கூடத் தேறாதவர்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் சட்டத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார். நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர். ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகத்தின் நோக்கங்களில் ஒன்று என்று சட்டத்தின் முகவுரை சொல்கிறதே, அதன்படி ஏன் கொடுக்கக்கூடாது என்று அவர் கேட்டார். சிண்டிகேட் இசைந்தது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. ஒரு விதி மறித்த இடத்தில் இன்னொரு விதி வழி விட்டது.

அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டும். மேதைக்கும் காலக்கெடு இருந்தது, பார்த்தீர்களா? 1914 மார்ச்சில் கப்பலேறுவதற்கு முன் மூன்று அறிக்கைகளை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இராமானுஜன் போனார். கேம்பிரிட்ஜும் வழக்கமான முன்தகுதி கேட்காமல் அவரைச் சேர்த்துக் கொண்டது. அங்கே ஆய்வின் வழியாகவே பட்டம் பெறும் விதி இருந்தது. 1916 மார்ச்சில் அந்த விதிப்படி பட்டம் வாங்கினார். உடலியல் தேர்வு அவர் வழியில் மறுபடி வரவில்லை.

மலை ஏறி வந்த தேர்வு

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 1949இல் சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைந்தது. 1962 முதல் கோலாலம்பூரில் அது தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது.

நம் தோட்டத்துப் பிள்ளைக்கும் அந்த வாசலுக்கும் நடுவே எத்தனை படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். தொழிலாளர் சட்டத்தின் கட்டாயத்தால் தோட்டத்தில் பள்ளி வந்தது. அது ஆரம்பப் பள்ளியோடு நின்றது. இடைநிலைப் பள்ளிக்குப் போக நுழைவுத் தேர்வு இருந்தது. 1964இல் அது நீக்கப்பட்டது. அந்த ஒரு விதி மாற்றத்தால் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முறையாக இடைநிலைப் பள்ளி வாசலைக் கண்டார்கள்! அதன் பிறகும் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு ஓராண்டு புகுமுக வகுப்பு. மூன்றாம் படிவத்தில் எல்.சி.இ., பிறகு அதுவே எஸ்.ஆர்.பி., பிறகு பி.எம்.ஆர். எல்.சி.இ., எஸ்.ஆர்.பி. காலத்தில் தேறாதவர்களில் பலர் மறுநாளே வேலைக்காட்டுக்குத் திரும்பினார்கள். எங்கள் மலையில் கொழுந்துக் கூடை சுமந்த பலரும் அந்தப் படியில் இறங்கியவர்களே.

இன்று படிகள் மாறிவிட்டன. யூ.பி.எஸ்.ஆர். 2021இலும் மூன்றாம் படிவத்தின் பி.டி.3 2022இலும் நீக்கப்பட்டன. அவை நீங்கியபோது எஸ்.பி.எம். தேர்வுதான் பிள்ளை சந்திக்கும் முதல் பெரிய அரசாங்கத் தேர்வு என்றானது. மலாய்மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் மறுதேர்வு உண்டு. ஒரு பாடத்துக்காக முழு ஆண்டையும் இழக்க வேண்டியதில்லை. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

மெட்ரிகுலேஷன் கல்வியில் பூமிபுத்ரா அல்லாதவர்க்கு 2003இல்தான் பத்து விழுக்காடு திறந்தது. இனம் பாராமல் 10ஏ எடுத்த எல்லோருக்கும் இடம் என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். எஸ்.டி.பி.எம். தேர்வு 2012 முதல் மூன்று தவணைகளாகப் பிரிந்தது. ஒரு தவணையில் சறுக்கினால் அந்தத் தாளை மீண்டும் எழுதலாம். ஒரே நாளில் வாழ்வா சாவா என்ற காலம் போய்விட்டது.

பதினான்கு வாரக் கணக்கு

அப்படியானால் பல்கலைக்கழகம் போன பிறகு ஏன் நம் பிள்ளைகள் சிலர் பாதியில் திரும்புகிறார்கள்? அங்கே ஆட்டத்தின் விதியே வேறு. பெரும்பாலான உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் என்றால் 14 வாரப் பாடம். இடுபணி, இடைத்தேர்வு, படைப்பு என்று வாரந்தோறும் மதிப்பெண் சேர்ந்து கொண்டே வரும். இறுதித் தேர்வு அதில் ஒரு பங்குதான். “கடைசி மாதம் உட்கார்ந்து படித்துக் கொள்ளலாம்” என்ற பள்ளிக்கூடப் பழக்கம் அங்கே செல்லாது. பத்தாம் வாரத்தில் விழித்துக் கொள்பவனுக்குப் பாதி மதிப்பெண் போயிருக்கும்.

வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுதவே விடாத விதி பல இடங்களில் உண்டு. தரப்புள்ளி 4.00க்குக் கணக்கிடப்படும். 2.00க்குக் கீழே போனால் எச்சரிக்கை நிலை. அது தொடர்ந்தால் வெளியேற்றம். பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் அங்கே தடைபடும். கடன் நின்றால் தோட்டத்துப் பிள்ளை என்ன செய்வான்? பகுதிநேர வேலைக்குப் போவான். வேலைக்குப் போனால் வருகை குறையும். ஒரு முடிச்சு இன்னொரு முடிச்சை இறுக்குகிறது.

ஆனால் அதே விதி நூலில் வழிகளும் இருக்கின்றன, அன்பர்களே. சுமை அதிகமென்றால் குறித்த வாரத்துக்குள் ஒரு பாடத்தைக் கைவிடலாம். நோய் வந்தால் மருத்துவச் சான்றோடு பருவத்தையே ஒத்தி வைக்கலாம். மதிப்பெண்ணில் ஐயமிருந்தால் கட்டணம் கட்டி மறுமதிப்பீடு கேட்கலாம். வெளியேற்றக் கடிதம் வந்தாலும் மேல்முறையீடு செய்யலாம். எல்லாவற்றுக்கும் ஒரு தேதி உண்டு. தேதிக்குள் கேட்டால் அது உரிமை. தாண்டிப் போய்க் கேட்டால் தயவு.

வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதை அப்பாவோ அக்காவோ சாப்பாட்டு மேசையில் சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். நம் லயத்துப் பிள்ளைக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? விதி எல்லோருக்கும் ஒன்றுதான். தெரிந்தவனுக்கு அது ஏணி, தெரியாதவனுக்குச் சுவர். நண்பர் சொன்ன வேலி இங்கேதான் இருக்கிறது. இட ஒதுக்கீட்டு அநீதிகளுக்காகக் குரல் கொடுப்போம், அது வேறு போராட்டம். கையில் இருக்கும் உரிமை தேதி தாண்டிக் கைநழுவுவதை நிறுத்த யாரையும் எதிர்த்துப் போராட வேண்டியதில்லை.

ஆகவே, பல்கலைக்கழகம் போய் வந்த தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது கோயில் மண்டபத்திலோ பள்ளி மண்டபத்திலோ ஒரு மாலைப் பொழுது உட்காருங்கள். புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கு விதி நூலைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். பருவத்தின் முக்கியத் தேதிகளை ஒரு தாளில் எழுதி அவர்கள் பெற்றோரிடமும் கொடுங்கள். பெற்றோர்களே, “நல்லாப் படிக்கிறியா?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “இந்த மாதம் உனக்கு என்ன தேதி இருக்கு?” என்றும் கேளுங்கள்.

எங்கள் அண்ணனுக்கு இப்போது அறுபது வயதாகப் போகிறது. அவர் மகள் இந்த ஆண்டு பல்கலைக்கழகம் போயிருக்கிறாள். போன வாரம் மலைக்குப் போயிருந்தேன். சமையலறைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவள் பருவ அட்டவணையை ஒட்டி வைத்திருந்தார். ஆறாவது வாரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்.

“என்னண்ணே இது?” என்றேன்.

“பாடத்தை மாத்திக்க அதுதான்டா கடைசி நாளாம். நான் போன் பண்ணி ஞாபகப்படுத்தணும்” என்றார்.