வேதாகம அலுமாரி: எதை முதலில் வாங்குவது?

எமது சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், கல்லூரி நூலகத்தின் கிறிஸ்தவ சமய நூல் அலுமாரியை மீண்டும் நிரப்பித் தருவதற்குக் கிளைச் சங்கங்கள் முன்வந்துள்ளன. 1995 ஐப்பசி இடப்பெயர்வின்போது பூட்டிவிட்டுப் போன அலுமாரி அது. திரும்பி வந்து திறந்தபோது கறையான் விட்டுவைத்தவை இரண்டு தொகுதிகள் மாத்திரமே. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் கேள்வி ஒன்றுதான்: எந்தெந்தப் புத்தகங்களை வாங்குவது? நெடுங்காலம் கிறிஸ்தவ பாடம் கற்பித்தவள் என்பதால் அக்கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது. பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும்.

தமிழ்ப் பிள்ளையின் கையிலிருந்த வேதாகமம் எக்காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி 1715இல் நிறைவுற்றது. கொழும்பில் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ செய்த புதிய ஏற்பாடு 1759இல் வெளிவந்தது. பின்னர் பப்ரிசியஸ். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு ஆக்கிய வேதாகமம் 1850இல் வெளியானது; அதன் நடை உயர்ந்தது என்று சொல்லி மிஷனரிமார் பலர் அதை ஏற்கவில்லை. 1871இல் பவர் ஐயரின் திருத்தம் வந்தது. எமது பாட்டிமாரும் அம்மாமாரும் ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோனது இதைத்தான். இறைவனைச் சுட்டும் சொல்லே இவற்றில் மாறிக்கொண்டு வந்தது: சீகன்பால்க்கில் சர்வேசுரன், பப்ரிசியஸில் பராபரன், பவரில் தேவன், 1995இன் திருவிவிலியத்தில் கடவுள்.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி, ஒரேயொரு மொழிபெயர்ப்புக்கே உரியது. பவரின் சொற்களுக்குச் செய்த அகராதியில் திருவிவிலியத்துப் பிள்ளை 'கடவுள்' என்று தேடிப் பயனில்லை. ஆகவே, பிள்ளைகள் வகுப்பில் எந்த வேதாகமத்தை வைத்துப் படிக்கிறார்கள் என்று தெரியாமல் ஒத்தவாக்கிய அகராதிக்குக் காசு கட்ட வேண்டாம்.

எங்கள் காலத்தில் ஆங்கிலத்திலுள்ளவையே இருந்தன. அலெக்சாந்தர் குரூடன் 1737இல் வெளியிட்டது, எடின்பரோவில் யங் 1879இல் செய்தது, ஸ்ட்ரோங் 1890இல் செய்தது. மூன்றும் ஜேம்ஸ் அரசரின் ஆங்கில வேதாகமத்தைத் தழுவியவை. தமிழ்மொழியில் படித்த எங்களுக்கு இவை ஏன் என்று முகம் சுழித்தோம். ஸ்ட்ரோங்கின் பயனை எங்கள் ரீச்சர் ஒரு பாடவேளையில் காட்டினார். சங்கீதம் 136இல் 'கிருபை', ரூத் முதலாம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் 'தயை', ஓசியா 6:6இல் 'இரக்கம்'. பவரின் தமிழில் மூன்று சொற்கள். ஆங்கிலத்தில் அவ்வசனங்களைக் கண்டுபிடித்து ஸ்ட்ரோங்கில் பார்க்கச் சொன்னார். 'மேர்சி' என்ற தலைப்பில் சங்கீதத்துக்கும் ஓசியாவுக்கும் நேரே இருந்த எண் 2617. 'கைன்ட்லி' என்ற தலைப்பில் ரூத்துக்கு நேரேயும் 2617. எண்ணைப் பின்பகுதியில் தேடினால் 'ஹெசெட்' என்ற ஒரே எபிரேயச் சொல். மொவாபியப் பெண்ணொருத்தி மாமியாருக்குக் காட்டிய தயையும் ஆண்டவருடைய கிருபையும் மூலத்தில் ஒரே சொல் என்று பதினைந்து வயதில் நாங்களே கண்டுபிடித்தோம். வேறொருவர் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

சொல்லகராதிகளில் வின்ஸ்லோவை நான் விடமாட்டேன். யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தொடங்கிய தொகுப்பை வளர்த்து, 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862இல் சென்னையில் வெளியிட்டவர் அவர்; உடுவில் பெண்கள் பாடசாலையை 1824இல் தொடங்கிய ஹரியற் அம்மையாரின் கணவர். பவரின் பழந்தமிழ்ச் சொல் புரியாத பிள்ளைக்கு, அந்தச் சொல் வழங்கிய காலத்துப் பொருளை இந்த அகராதி தரும். இதை ஏனோ எவரும் வேதாகமத் துணைநூல் என்று எண்ணுவதில்லை.

இடங்கள், அரசர்கள், அளவைகள் பற்றிய வேதாகம அகராதி என்றால் கதை மாறும். 1898 முதல் 1904 வரை வந்த ஹேஸ்டிங்ஸின் ஐந்து தொகுதிகள் அலுமாரிக்கு அழகு. ஆனால் 1947இல் கும்ரான் குகைகளில் சுருள்கள் அகப்பட்ட பிறகு அதில் எவ்வளவோ பழசாகிவிட்டது. இவ்வகையில் புதியதையே வாங்குங்கள்.

விளக்கவுரைகளைக் கடைசியாக வையுங்கள். நன்கொடையாக வந்து குவிவதும் இவைதான். மத்தேயு ஹென்றியின் தடித்த தொகுதிகளைத் திறந்த பிள்ளை வசனத்தைப் படிக்காமல் அவர் சொன்னதைப் பார்த்தெழுதும், நானும் எழுதியவள்தான். ஒரு தொகுதி போதும் என்பவர்கள் பீக்கின் விளக்கவுரையை விரும்புவார்கள். 1919இல் வந்ததும் 1962இல் வந்ததும் பெயரால் ஒன்று, உள்ளே வேறு வேறு. பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்கள் ஆண்டைப் பார்க்கவும்.

இன்னொன்று. எமது கல்லூரியில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தோபித்து, யூதித்து ஆகிய நூல்களை ஸ்ட்ரோங்கில் தேடினால் கிடையா. குரூடன் தமது முதற்பதிப்பிலேயே அந்நூல்களுக்கும் தனியே அட்டவணை சேர்த்திருந்தார். பின்வந்த மலிவுப் பதிப்புகள் பல அதை விட்டுவிட்டன. அப்பிள்ளைகளுக்காகத் திருவிவிலியத்தில் சில பிரதிகளேனும் வாங்கவேண்டும்.

எல்லாம் கைத்தொலைபேசியில் இருக்கிறதே என்று மெல்பேர்ணில் இருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் பாடவேளையில் பிள்ளைகளிடம் தொலைபேசி இல்லை. ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பேர் குனிந்து 2617ஐத் தேட ஒரு பெரிய புத்தகம் வேண்டும்.

ஆகவே என் வரிசை இது: முதலில் தமிழ் மொழிபெயர்ப்புகள், கிடைக்கக்கூடிய எல்லாம்; அடுத்து ஸ்ட்ரோங்; பிறகு வின்ஸ்லோ; பிறகு புதிய வேதாகம அகராதி ஒன்று. மிச்சக் காசிருந்தால் விளக்கவுரை. பழைய தமிழ் வேதாகமம் வீட்டில் வைத்திருப்பவர்கள் அதையும் அனுப்பலாம். மட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. பதிப்பாண்டு உள்ள முகப்புத் தாள் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.