பருத்தி வயலில் வெட்டிய குளங்கள்: மிசிசிப்பி டெல்டாவில் கெளுத்தி வளர்ப்பின் வரலாறு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே பரந்து கிடக்கும் வண்டல் சமவெளியை அங்குள்ளவர்கள் டெல்டா என்று அழைக்கிறார்கள். ஆறு கடலில் சேரும் கழிமுகம் அல்ல இது. வெள்ளம் ஆண்டாண்டாகக் கொண்டுவந்து படியவிட்ட களிமண் நிலம். முதலில் அடிமைகளின் உழைப்பிலும், அடிமை முறை ஒழிந்த பின் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்களின் உழைப்பிலும் இங்கே பருத்தி விளைந்தது. 1960களின் நடுவில் அந்தப் பருத்தி வயல்களுக்குக் கரை கட்டித் தண்ணீர் நிரப்பி, கெளுத்தி மீன் வளர்க்கத் தொடங்கினார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அது அமெரிக்காவின் மிகப் பெரிய மீன் வளர்ப்புத் தொழிலாக வளர்ந்தது.

மீனும் அதன் இனப்பெருக்கமும்

அங்கே வளர்க்கப்படுவது சேனல் கெளுத்தி என்னும் இனம். நம் ஆற்றுக் கெளுத்தியையும் தேளியையும் போலச் செதிலில்லாத உடலும் வாயைச் சுற்றி மீசையும் கொண்டது. ஆனால் வட அமெரிக்காவுக்கே உரிய தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தெற்கு மாநிலங்களில் ஏழைகள் இதை ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்து, மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்துத் தின்றார்கள். சேற்றில் திரியும் மீன் என்ற பேச்சால் வசதி படைத்தவர்களின் மேசைக்கு அது வரவில்லை.

குளத்தில் வளர்க்க வேண்டுமென்றால் முதலில் குஞ்சு வேண்டும். சேனல் கெளுத்தி திறந்த நீரில் முட்டையிடாது. கரையோரப் பொந்து, உள்ளீடற்ற மரக்கட்டை போன்ற மறைவான இடத்தைத் தேடும். பெண் மீன் மஞ்சள் நிறக் கட்டியாக முட்டையிட்டதும் ஆண் மீன் பெண் மீனை விரட்டிவிட்டுத் தானே காவல் இருக்கும். துடுப்பை அசைத்து முட்டைகளுக்கு நல்ல நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த இயல்பைப் புரிந்துகொண்டு, கான்சாஸ் மாநிலத்துப் பொரிப்பகத்தில் 1920களில் மரப் பீப்பாய்களைக் குளத்தில் இறக்கி முட்டையிட வைத்தார்கள். பின்னாளில் பண்ணைகளில் பழைய பால் கேன்கள் அந்த வேலையைச் செய்தன. சிறு படகில் போய்க் கேனைத் தூக்கிப் பார்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் முட்டைக் கட்டியைப் பெயர்த்தெடுத்துப் பொரிப்பகத் தொட்டியில் கம்பி வலைக் கூடையில் இடுவார்கள். தொட்டியின் குறுக்கே சுழலும் தகடுகள் ஆண் மீனின் துடுப்பு செய்யும் வேலையைச் செய்யும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு வெளிவரும்.

பண்ணைக் குளத்திலிருந்து தொழிலுக்கு

1930களில் மண் அரிப்பும் வறட்சியும் அமெரிக்க விவசாயத்தை உலுக்கியபோது, பண்ணைக்கு ஒரு குளம் வெட்டும் வேலையை அரசின் மண் பாதுகாப்புத் துறை ஊக்குவித்தது. அந்தக் குளங்களில் எந்த மீனை, எத்தனை விட்டால் நல்லது என்று அலபாமாவின் ஆபர்ன் கல்லூரியில் ஹோமர் ஸ்விங்கிள் ஆராய்ந்தார். குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கும் மீன் தருவதே தொடக்க நோக்கம். 1950களில் அவர் கெளுத்திக் குஞ்சுகளைத் தீவனம் போட்டு விற்பனை அளவுக்கு வளர்த்துப் பார்த்தார். அதன் பிறகுதான் பண்ணைக் குளம் பணம் தரும் என்ற எண்ணம் பிறந்தது.

அதே காலத்தில் ஆர்கன்சா மாநிலத்து நெல் விவசாயிகள் பாசன நீரைத் தேக்கிய குளங்களில் எருமை மீன் எனப்படும் பெரிய மீனை வளர்த்துப் பார்த்தார்கள். அதில் முள் அதிகம், விலையும் நிற்கவில்லை. நெல்லும் மீனும் மாறி மாறி விளையும் முறையை ஆராய 1958இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் ஊரில் ஆய்வு நிலையம் எழுந்தது. எருமை மீனைக் கைவிட்டவர்கள் கெளுத்திக்கு மாறினார்கள். 1960களின் தொடக்கத்தில் அலபாமாவின் கிரீன்ஸ்போரோ பகுதியிலும் வணிக வளர்ப்பு தொடங்கியது. மிசிசிப்பி டெல்டா 1965இல்தான் இதில் இறங்கியது. பிந்தி வந்தாலும் மற்ற இரு மாநிலங்களையும் விரைவில் தாண்டிச் சென்றது.

டெல்டா ஏன் முந்தியது

முதல் காரணம் மண். ஈரத்தில் பிசுபிசுத்து, காய்ந்தால் வெடிக்கும் அந்தக் கனத்த களிமண் பருத்திக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் தண்ணீரைக் கீழே விடாது. இரண்டாவது நீர். ஆற்று வண்டலின் அடியில் கொஞ்ச ஆழத்திலேயே நிலத்தடி நீர் ஏராளமாக இருந்தது. மூன்றாவது மட்டமான நிலம். பள்ளம் தோண்ட வேண்டியதில்லை. மேல்மண்ணைச் சுரண்டி நாலு பக்கமும் கரை எழுப்பினால் குளம் ஆயிற்று. முதலில் நாற்பது ஏக்கர் வரை பெரிய குளங்கள் வெட்டினார்கள். வலை இழுக்கவும் நோயைக் கட்டுப்படுத்தவும் சிரமமாக இருந்ததால், பிறகு இருபது ஏக்கரும் அதற்குக் குறைவுமாகச் சிறுத்தது. ஆழம் நாலடி முதல் ஆறடி வரை போதுமானதாக இருந்தது.

நான்காவது காரணம் நில உடைமை. பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்த பிறகு வாரக்குடிகள் பிழைப்பிழந்து நகரங்களுக்குப் போய்விட்டார்கள். நிலம் பெருநிலக்காரர்களிடம் இருந்தது. வங்கிக் கடன், டிராக்டர், மண் வெட்டும் இயந்திரம் எல்லாம் அவர்களிடமே இருந்தன. பருத்தியும் சோயாவும் விலை இறங்கிய ஆண்டுகளில் அவர்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் குளமாக்கினார்கள்.

ஹம்ஃப்ரீஸ் மாவட்டத் தலைநகரான பெல்சோனி 1976இல் 'உலகக் கெளுத்தித் தலைநகர்' என்று பெயர் சூட்டிக்கொண்டு ஆண்டுதோறும் கெளுத்தித் திருவிழா நடத்தத் தொடங்கியது. நாடு முழுவதும் ஆலைகளுக்குப் போன கெளுத்தி 1970இல் ஏறத்தாழ 26 லட்சம் கிலோ. 1980இல் அது 2 கோடி கிலோவைத் தாண்டியது. 1990இல் 16 கோடி கிலோவைத் தொட்டது.

குளத்தின் இரவும் ஆலையின் மூக்கும்

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் இருந்தது தீவனம். சோயாப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் சேர்த்து, நீரில் மிதக்கும் குருணையாகத் தயாரித்தார்கள். மிதக்கும் தீவனத்தால் மீன் எவ்வளவு தின்கிறது என்பது கரையில் நிற்பவர் கண்ணுக்கே தெரிந்தது. தின்னாமல் மிதந்தால் நீரிலோ மீனிலோ கோளாறு என்று அர்த்தம். ஒரு கிலோ மீனுக்குச் சுமார் இரண்டு கிலோ தீவனம் பிடித்தது. வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு அதற்கே போனது.

தீவனம் கூடக்கூட நீரில் பாசியும் பெருகியது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவே மீனோடு போட்டியிட்டு ஆக்சிஜனை இழுக்கும். கோடையில் விடிவதற்கு முந்தைய சில மணி நேரமே ஆபத்தான நேரம். அதனால் பண்ணைகளில் இரவுக் காவல் ஒரு தனி வேலையானது. ஆக்சிஜன் அளக்கும் கருவியோடு பிக்கப் வண்டியில் கரை கரையாகச் சுற்றி, ஒவ்வொரு குளத்திலும் அளவைக் குறித்துக்கொள்வார்கள். அளவு இறங்கினால் டிராக்டரோடு இணைத்த துடுப்புச் சக்கரத்தைத் தண்ணீரில் இறக்கி ஓட்டுவார்கள். ஒரு மணி நேரம் தாமதித்தால் குளம் முழுக்க மீன் செத்து மிதக்கும். 1980களில் நீரில் காற்றைக் கலக்க குளத்திலேயே நிலையாகப் பொருத்திய மின் ஏரேட்டர்கள் வந்த பிறகுதான் ஒரு ஏக்கரில் விடும் குஞ்சுகளின் எண்ணிக்கையைத் துணிந்து கூட்ட முடிந்தது.

மீன் பிடிப்பதற்கு முன் இன்னொரு சோதனை உண்டு. சில நீலப்பச்சைப் பாசிகள் வெளியிடும் பொருள்கள் மீனின் கொழுப்பில் படிந்து சேற்று வாடையைக் கொடுக்கும். ஆகவே பிடிப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பும், ஓரிரு நாள் முன்பும், லாரி ஆலைக்குள் நுழையும் அன்றும் மாதிரி மீன் சோதிக்கப்படும். ஆலையில் இதற்கென்றே ஆள் இருப்பார். வால் பக்கத்துத் துண்டை உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் மைக்ரோவேவில் வேகவைத்து, முகர்ந்து, பிறகு கடித்துப் பார்ப்பார். வாடை இருந்தால் அந்தக் குளத்து மீன் முழுவதும் நிராகரிக்கப்படும். வாடை போகும் வரை விவசாயி தீவனம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இயந்திரம் எத்தனையோ வந்தும் இந்த வேலையை மனித நாக்குதான் செய்துவந்தது. கெளுத்தியின் பழைய அவப்பெயரைப் போக்கியதில் இந்தக் கண்டிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

நோயும் பறவையும் ஓயாத தொல்லை. 1979இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட ஒரு பாக்டீரிய நோய் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. குளிர்காலத்தில் வலசை வரும் நீர்க்காகங்கள் குளங்களையே தங்கள் உணவுக்கூடமாக்கிக்கொண்டன.

கூட்டுறவும் கூலியும்

மீனை வாங்கும் ஆலை சொன்னதே விலை என்றிருந்த நிலையை மாற்ற விவசாயிகள் ஒன்றுகூடினார்கள். தீவன ஆலைகளைப் பங்கு போட்டு நிறுவினார்கள். 1981இல் டெல்டாவின் இன்டியனோலா ஊரில் டெல்டா பிரைடு என்னும் கூட்டுறவு பதப்படுத்தும் ஆலை தொடங்கியது. அந்தத் துறையிலேயே பெரிய நிறுவனமாக அது வளர்ந்தது. 1986இல் உருவான கெளுத்தி விளம்பர அமைப்பு, தீவன விற்பனையிலிருந்து கிடைத்த தொகையைக் கொண்டு நாடு முழுவதும் விளம்பரம் செய்தது. 1987இல் அதிபர் ரீகன் ஜூன் 25ஐ தேசியக் கெளுத்தி நாளாக அறிவித்தார்.

ஆனால் இந்தச் செழிப்பு டெல்டாவின் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. குளங்களின் உடைமையாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆலையில் மீன் அறுத்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். ஈரத் தரையில் நாள் முழுவதும் நின்று, ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்ததில் மணிக்கட்டு நரம்புகள் பாதிக்கப்பட்டன. கழிப்பறைக்குப் போகும் நேரத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. 1990 செப்டம்பரில் டெல்டா பிரைடு ஆலையில் ஏறத்தாழ ஆயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று மாதம் நீடித்த அந்தப் போராட்டம் டிசம்பரில் கூலி உயர்வோடு முடிந்தது. மிசிசிப்பி வரலாற்றில் கறுப்பினத் தொழிலாளர்கள் நடத்திய மிகப் பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்று அது.

கறுப்பினத்தவர் உடைமையாளராகவும் முயன்றதுண்டு. எட் ஸ்காட் ஜூனியர் என்ற நெல் விவசாயி 1980களின் தொடக்கத்தில் சொந்த நிலத்தில் குளம் வெட்டினார். பெரிய ஆலைகளின் கதவு தமக்குத் திறக்காததால், தம் டிராக்டர் கொட்டகையையே மீன் பதப்படுத்தும் ஆலையாக மாற்றினார். கடன் கிடைக்காமல் அவரது தொழில் நொடித்தது. அரசுக் கடன் வழங்குவதில் நிறப் பாகுபாடு காட்டியதாகக் கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்தது; ஸ்காட்டும் அதன் வழியே நிவாரணம் பெற்றார்.

மீகாங் மீனின் போட்டி

2000களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் கெளுத்திக் குளங்களின் பரப்பு ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கரை எட்டியது. 2003இல் ஆலைகளுக்குப் போன மீன் 30 கோடி கிலோ. அதுவே உச்சம்.

வியட்நாமின் மீகாங் ஆற்றுப் பகுதியில் பாசா, ட்ரா என்னும் கெளுத்தி வகைகள் வளர்க்கப்படுகின்றன. 1990களின் நடுவில் இவற்றின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யும் வழி கைகூடியதும் ஏற்றுமதி பெருகியது. ட்ரா மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதனால் டெல்டா குளத்தில் நினைத்தும் பார்க்க முடியாத நெருக்கத்தில் அதை வளர்க்கலாம். கூலியும் குறைவு. முள்ளெடுத்த வெள்ளைத் துண்டாக அமெரிக்கச் சந்தையில் அது மலிவாக இறங்கியது. இந்தியாவில் உணவகங்கள் பாசா என்று பரிமாறுவதும் பெரும்பாலும் இந்த ட்ராதான். ஆந்திரக் குளங்களிலும் இன்று அது வளர்கிறது.

அமெரிக்க விவசாயிகள் அரசிடம் போனார்கள். வட அமெரிக்கக் குடும்பத்து மீனை மட்டுமே கெளுத்தி என்று விற்கலாம் என்று 2002இல் சட்டம் வந்தது. 2003இல் வியட்நாம் மீனுக்கு 37 முதல் 64 சதவீதம் வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. இறக்குமதி வேறு பெயர்களில் தொடர்ந்தது. பிறகு 2008 வாக்கில் மக்காச்சோளம் எத்தனால் ஆலைகளுக்குப் போகத் தொடங்க, சோயாவும் சேர்ந்து விலையேற, தீவனச் செலவு தாங்க முடியாததாயிற்று. பல பண்ணைகள் கரையை உடைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு மீண்டும் சோயாவும் மக்காச்சோளமும் விதைத்தன.

எஞ்சியவர்கள் வளர்ப்பு முறையை மாற்றிக்கொண்டார்கள். பெண் சேனல் கெளுத்தியையும் ஆண் நீலக் கெளுத்தியையும் சேர்த்துப் பெற்ற கலப்பினம் வேகமாக வளர்கிறது, நோயையும் தாங்குகிறது. டெல்டாவிலேயே உள்ள ஸ்டோன்வில் ஆய்வு மையத்தில், தீவனத்தோடு கொடுக்கும் நோய்த் தடுப்பு மருந்து உருவானது. ஒரே குளத்தை இரண்டாகப் பிரித்து, சிறிய பகுதியில் மீனும் பெரிய பகுதியில் நீர் சுத்திகரிப்புமாக அமைக்கும் முறையும் பரவியது. நிலத்தடி நீர் இறங்கி வந்ததால், குளத்தை விளிம்பு வரை நிரப்பாமல் மழைநீருக்கு இடம் விட்டு வைக்கவும் பழகிக்கொண்டார்கள்.

டெல்டாவில் கெளுத்தி வளர்ப்பைத் தூக்கி நிறுத்தியவை களிமண்ணும் மலிவான தீவனமும் விவசாயிகளின் கூட்டுறவும். அதைச் சரித்தவை தீவன விலையும் சந்தைப் போட்டியும். உச்ச காலப் பரப்பில் இன்று மிஞ்சியிருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அந்தக் குளங்களிலிருந்து அந்நாளைய விளைச்சலில் ஏறத்தாழ பாதி இன்றும் கிடைக்கிறது.